குறையும் குளம், ஓதம் ஏறும் சுவர்: நடுவில் இருந்த நாலு மீட்டர்

நகரத்தைத் தாண்டிய குடியிருப்புப் பகுதியில் ஒரு விசாலமான வீடு. இரண்டு தளம், நாலு படுக்கையறை, கட்டி ஆறு வருடம். ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலு மீட்டர் அகலத்துக்குக் கல் பதித்த தளம், அதாவது டெக். அதைக் கடந்தால் நீச்சல் குளம். நீளம் 10 மீட்டர், அகலம் 5 மீட்டர், ஆழம் ஒரு முனையில் 1.2, மறுமுனையில் 1.8. கான்கிரீட் தொட்டி; தண்ணீரைச் சுத்தமாக வைப்பது உப்பு குளோரினேட்டர். குளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம். அங்கிருந்து மனை மெல்லத் தாழ்ந்துகொண்டே போகிறது. வீட்டில் கணவன், மனைவி, கணவரின் அம்மா, இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு மூன்று வயது.

புகார் இரண்டு. குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று சந்தேகம். தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது. இன்னொன்று, குளத்தைப் பார்த்த ஹால் சுவரில் ஓதம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டையும் சேர்த்து வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: குளத்துத் தண்ணீர்தான் சுவருக்குள் போகிறது.

அவரைக் குறை சொல்ல முடியாது. குளம் கட்டும் ஒருவர் வந்து பார்த்து, மண்ணுக்கடியில் குழாய் உடைந்திருக்கும், டெக்கை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும் என்றார். பெயின்ட் வேலை செய்பவர் வந்து, வெளிச்சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சு அடித்தால் போதும் என்றார். இன்னொருவர், குளத்தைக் காலி செய்து உள்ளே இறங்கிப் பார்க்கலாம் என்றார். அவரவர் கையில் இருந்த வேலையை அவரவர் சொன்னார்கள். யாரும் எதையும் அளக்கவில்லை.

அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் அந்தக் காலி செய்யும் யோசனையை நிறுத்தினேன். தோட்டத்தின் தாழ்ந்த முனையில் மண் சதசதவென்று இருந்தது. நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று தெரியாமல் கான்கிரீட் குளத்தைக் காலி செய்யக் கூடாது. காரணம் எளிய கணக்குதான். குளத்தின் அடித்தளம் 50 சதுர மீட்டர். அதற்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு வெளியே மண்ணில் தண்ணீர் நின்றால், அது கீழிருந்து 50 டன் விசையோடு தொட்டியைத் தூக்கும். 20 சென்டிமீட்டர் கனத்தில் அடித்தளமும் சுவர்களும் சேர்ந்து இந்தத் தொட்டியின் எடை ஏறத்தாழ 45 டன். உள்ளே இருக்கும் 75 டன் தண்ணீர்தான் அதை மண்ணில் உட்கார வைத்திருக்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டால் குளம் மிதக்கப் பார்க்கும். முழுதாக மேலே வராவிட்டாலும், ஒரு மூலை இரண்டு சென்டிமீட்டர் எழும்பினால் போதும், குழாய் இணைப்பு ஒன்றுவிடாமல் போய்விடும்.

உப்பு மூட்டை சொன்னது

குளத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் மிதவை வால்வு இருந்தது. மட்டம் இறங்கினால் தானாகத் திறந்து தண்ணீர் விடும், ஏறினால் மூடிக்கொள்ளும். வசதிதான். ஆனால் இந்த வீட்டில் கசிவை இவ்வளவு காலம் மறைத்து வைத்தது அதுதான். குளம் எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தது.

வால்வு மறைத்ததை உப்பு காட்டிக்கொடுத்தது. இப்படிப்பட்ட குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் மூன்றரை கிராம் உப்பு கரைந்திருக்க வேண்டும். அதிலிருந்துதான் கருவி குளோரினைத் தயாரிக்கிறது. உப்பு செலவாகித் தீர்ந்துவிடுவதில்லை. குளோரின் தன் வேலையை முடித்ததும் திரும்ப உப்பாகவே ஆகிவிடும். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பைக் கூடவே எடுத்துப் போகாது. ஃபில்டரைக் கழுவும்போது வெளியேறுவது, பிள்ளைகள் குதிக்கும்போது தெறிப்பது, மழையில் வழிந்து போவது, இவ்வளவுதான் கணக்கு.

“மாதா மாதம் ரெண்டு மூட்டை போடறோம் சார், இல்லாட்டி மெஷின்ல சிவப்பு லைட் எரியுது” என்றார் வீட்டுக்காரர். மூட்டை ஒன்று 25 கிலோ. மழையே இல்லாத மாதங்களிலும் இதே கதை. ஆவியாகிக் குறையும் குளத்தில் உப்பின் அடர்த்தி கூடத்தானே வேண்டும்? இங்கே குறைந்தது. அப்படியானால் தண்ணீர் தண்ணீராகவே வெளியே போகிறது.

எவ்வளவு என்று பார்க்க வாளிச் சோதனை. செலவே இல்லாத சோதனை இது. ஆனாலும் இதைச் செய்யாமல் டெக்கை உடைக்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். மிதவை வால்வை அடைத்தாயிற்று. குளத்தின் இரண்டாம் படியில் ஒரு வாளியை வைத்து, அதற்குள்ளும் குளத்துத் தண்ணீரையே ஊற்றி, உள் மட்டத்தையும் வெளி மட்டத்தையும் குறித்தோம். வாளி குளத்துக்குள் நிற்பதால் அதே சூடு, அதே காற்று, அதே வெயில். வாளியில் குறைவது ஆவியானது மட்டும். குளத்தில் கூடுதலாகக் குறைவது கசிவு. ஒரு நாள் கழித்து வாளியில் 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, குளத்தில் 16. வித்தியாசம் 10 மில்லிமீட்டர். 50 சதுர மீட்டருக்கு அது 500 லிட்டர், தினமும்.

மாதத்துக்கு 15,000 லிட்டர். குளம் பிடிக்கும் 75,000 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தண்ணீரோடு போகும் உப்பை, அடர்த்தி நாளுக்கு நாள் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 48 கிலோ வருகிறது. இரண்டு மூட்டை, சரி.

எங்கே?

பம்ப் ஓடும்போது ஒரு நாள், நிறுத்தி வைத்து ஒரு நாள் என்று அதே சோதனையை மாற்றி மாற்றிச் செய்தோம். தண்ணீரைத் திரும்பக் குளத்துக்குத் தள்ளும் குழாயில் உடைப்பு இருந்தால், பம்ப் ஓடும்போது கசிவு அதிகமாகும். இங்கே இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குழாய் மீதான சந்தேகம் அப்போதே பாதி போயிற்று. மீதியும் போகட்டும் என்று குழாய்களின் இரு முனையையும் அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். மானியின் முள் நகரவில்லை.

அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு, மட்டம் தானாக இறங்கட்டும் என்று விட்டோம். கசிகிற குளம் பெரும்பாலும் ஓட்டை இருக்கும் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிடும். இந்தக் குளம் ஸ்கிம்மர் வாயின் அடி விளிம்புக்கு வந்ததும் வாளியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தது. அதாவது அதற்குக் கீழே ஓட்டை இல்லை. விளக்குக் குழி, அடி வடிகால், தொட்டிச் சுவர் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன.

ஸ்கிம்மர் என்பது குளத்தின் மேல்மட்டத்தில் மிதக்கும் இலை தழையை இழுத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி. அதன் வாய் குளச்சுவரில் பதிந்திருக்கும். மேல் மூடி டெக் தளத்தில் இருக்கும். ஒரே பெட்டிக்கு இரண்டு எஜமானர்கள். மட்டத்தைத் திரும்பப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, ஊசி போடும் சிரிஞ்சில் சாயத்தை எடுத்து அந்த வாயின் மூலைகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டோம். மூன்று மூலைகளில் சாயம் புகைபோல அங்கேயே தொங்கியது. வீட்டுப் பக்கத்துக் கீழ்மூலையில் மட்டும் ஒரு நூலாக இழுபட்டு, பிளாஸ்டிக்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே காணாமல் போனது. இடைவெளி நகம் நுழையும் அளவு.

ஓட்டை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு அதுவே போதும் என்று தோன்றியது. எபாக்சி வைத்து அடைத்தால் வேலை முடிந்ததே என்றார். அடைக்கலாம். தண்ணீருக்கடியிலேயே இறுகும் இருகலவை எபாக்சியை அன்றே வைத்தோம், கசிவும் பெருமளவு நின்றது. ஆனால் ஆறு வருடத்துப் பிளாஸ்டிக் பெட்டி தானாகக் குளச்சுவரை விட்டு விலகாது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது. தவிர, அந்தக் கசிவுதான் ஹால் சுவருக்குப் போகிறது என்பதற்கு அதுவரை ஒரு ஆதாரமும் இல்லை.

சுவரில் இருந்தது குளத்துத் தண்ணீரா?

இதற்கு விடை கிடைத்தது பாட்டியிடமிருந்து. தோட்டத்தின் தாழ்ந்த மூலையைக் காட்டி, “அங்க மட்டும் புல்லு நுனி கருகிக்கிட்டே இருக்கு. தண்ணி பத்தலைன்னு நானும் ஊத்திப் பாத்தேன். தரை ஈரமா இருக்கு, ஆனா புல்லு காயுது” என்றார். ஈரத் தரையில் காயும் புல் என்றால் உப்பு. அங்கே ஒரு சிறு குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரில் உப்புமானியை வைத்தோம். குளத்தின் அளவை நெருங்கி நின்றது. கசிந்த தண்ணீர் தொட்டியை ஒட்டிய ஜல்லி வழியாக இறங்கி, மனையின் சரிவோடு தோட்டத்துப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு எதிர்த் திசையில்.

சுவரின் அடியிலும் ஒரு குழி. அங்கே ஊறிய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்பைக் காட்டி வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான். செங்கல்லிலும் சிமெண்டிலும் மண்ணிலும் இயல்பாகவே கரையும் உப்புகள் உண்டு, எந்த ஈரம் ஏறினாலும் அவை மேலே வந்து பூக்கும். ஆகவே சுவரில் உப்பு இருப்பது குளத்துக்கு எதிரான சாட்சி ஆகாது. இன்னொன்றும் இருந்தது. குளம் வருடம் முழுக்க ஒரே சீராகக் கசிந்தது. ஓதமோ மழைக்காலத்தில் ஏறி, வறண்ட மாதங்களில் இறங்கியது. வீட்டம்மா வெவ்வேறு சமயங்களில் எடுத்த போட்டோக்களைத் தேதியோடு வைத்திருந்தார். மழை நாட்களோடு ஒட்டிப் போனது.

சரி, மழைத் தண்ணீர் ஏன் சுவருக்கு வருகிறது? வெளித் தளம் என்றால் வீட்டை விட்டு விலகி வாட்டம், அதாவது சரிவு, இருக்க வேண்டும், 50-க்கு 1 என்ற அளவில். இங்கே குளத்தின் ஓரத்தை ஒட்டி ஒரு நீள்வடிகால் இருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து அதற்கு மூன்றரை மீட்டர். அப்படியானால் சுவரோரம் வடிகாலைவிட 70 மில்லிமீட்டர் உயரமாக இருந்திருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் பார்த்தால், சுவரோரம்தான் 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. வாட்டம் தலைகீழ்.

கட்டும்போதே தப்பாகப் போட்டார்களா, பிறகு மாறியதா? பதில் சுவரிலேயே இருந்தது. டெக்கை ஒட்டிச் சுவரின் அடியில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டை. அதில் பெயின்ட் இல்லை, பூச்சும் சொரசொரப்பு. பெயின்ட்டின் கீழ்விளிம்பு கோடு போட்டதுபோல நேராக ஓடியது. பெயின்ட் அடித்த அன்று டெக் அந்தக் கோட்டில் இருந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் 9 சென்டிமீட்டர் கீழே போயிருக்கிறது. நீர்க்காப்புப் பூச்சும் அந்தக் கோட்டோடு நின்றிருந்ததால், வெளியே தெரிந்த அந்தப் பட்டை வழியாகத்தான் சுவர் தண்ணீர் குடித்தது.

கூரையின் பின்பாதித் தண்ணீரை இறக்கும் குழாயும் நேரே டெக்கில்தான் முடிந்தது. 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 70 சதுர மீட்டர் கூரையிலிருந்து 2,100 லிட்டர், டெக்கில் விழுவது தனியாக 1,200 லிட்டர். குளத்திலிருந்து ஒரு நாள் முழுக்கக் கசிந்ததைப்போல ஆறு மடங்குக்கு மேல், ஒரே மழையில், வடிகாலை விட்டுவிட்டு சுவரை நோக்கி.

நாலு மீட்டர்

டெக் ஏன் இறங்கியது? சுவரோரம் ஒரு கல்லை எடுத்து, கான்கிரீட்டில் துளையிட்டுப் பார்த்தோம். அடியில் மணிக்கட்டு வரை கை நுழையும் வெற்றிடம். அதற்கும் கீழே செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் கட்டி, கிழிந்த மூட்டைச் சாக்கு. வீட்டின் அஸ்திவாரத்துக்கு வெட்டிய பள்ளத்தைக் கட்டட வேலையின் கழிவாலேயே மூடி, திமிசு போட்டு இறுக்காமல், அதன் மேல் டெக்கை ஊற்றியிருக்கிறார்கள். பள்ளத்தின் ஆழம் 1.8 மீட்டர். இறுக்கப்படாத நிரப்பு மண் நூற்றுக்கு ஐந்து அமுங்குவது புதிதல்ல, 9 சென்டிமீட்டர் அங்கேயே வந்துவிடுகிறது.

டெக் வீட்டுப் பக்கம் அமுங்கியபோது அதன் மறுமுனை என்ன செய்தது என்பதில்தான் இரண்டு புகாரும் ஒன்று சேர்கின்றன. டெக் கான்கிரீட் குளத்தின் ஓரக்கல்லை முட்டும் இடத்தில் ஓர் இடைவெளி விட்டு, அதில் இளகும் சீலன்ட் நிரப்ப வேண்டும். குளம் தனி, டெக் தனி. இரண்டும் தனித்தனியாக அசையட்டும் என்பதற்காக. இங்கே அந்த இடைவெளியைக் கிரவுட், அதாவது கெட்டியாக இறுகும் சிமெண்ட் கலவை, வைத்து அடைத்திருந்தார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று. ஸ்கிம்மரின் மேல் கழுத்தைச் சுற்றியும் கான்கிரீட்டை நேராகவே ஊற்றியிருந்தார்கள். ஆக டெக் ஒரே பலகையாக வீட்டுப் பக்கம் சாய்ந்தபோது ஸ்கிம்மரின் கழுத்து அதோடு போயிற்று, வாய் குளச்சுவரோடு நின்றது. பிரிந்தது அந்தக் கீழ்மூலை. ஓரக்கல்லுக்குக் கீழே இருந்த ஓடுகளிலும் அந்தப் பக்கம் மட்டும் மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன. அவற்றை யாரும் கவனிக்கவில்லை.

குளத்தில் பழுது, வீட்டில் பழுது என்று எல்லோரும் இரண்டு முனைகளிலும் தேடினார்கள். நடுவில் இருந்த தளம் யாருடைய கணக்கிலும் வரவில்லை. வீடு கட்டியவர் அதைக் குளத்து வேலை என்று விட்டிருப்பார், குளம் கட்டியவர் அதை வீட்டு வேலை என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஹாலிலிருந்து கண்ணாடி வழியே தண்ணீர் தெரிய வேண்டும் என்ற ஆசையில் குளத்தை வீட்டுக்கு இவ்வளவு அருகில் கொண்டுவரும்போது, இரண்டு பெரிய பள்ளங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் மண்தான் மிக மோசமான மண்ணாக இருக்கும். அதை ஒருவர் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அதே டெக்கில்தான் அந்த வீட்டின் மிக ஆபத்தான பழுதும் இருந்தது. புகாரில் அது இல்லவே இல்லை. குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, எல்லாம் முறைப்படி இருந்தன. ஆனால் கதவின் தூண் அமுங்கிய தளத்தில் நின்றதால் சாய்ந்திருந்தது. கதவு ஸ்பிரிங்கில் வந்து மூடியது. கொக்கி மட்டும் பள்ளத்தில் விழவில்லை. பார்த்தால் மூடியிருப்பதுபோல இருக்கும். ஒரு விரலால் தள்ளினேன், திறந்தது. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடு. மற்ற எதையும் பேசுவதற்கு முன்பு கொக்கியின் தகட்டை இறக்கிப் பொருத்தச் சொல்லி, அது முடிந்த பிறகுதான் நகர்ந்தேன்.

செய்தது

டெக்கை மட்டும் தூக்கி நிறுத்துவது ஒரு வழி. துளையிட்டு உள்ளே கலவையோ நுரையோ செலுத்தினால் பலகை எழும்பும். கீழே நல்ல மண் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். சாக்கும் செங்கல் துண்டும் நிரம்பிய பள்ளத்தின் மேல் அது எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் சுவரோரம் இரண்டு மீட்டர் அகலத்துக்கு டெக்கை அறுத்தெடுத்து, கழிவை அள்ளி, நல்ல மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கி ஏற்றினார்கள். அறுப்பதற்கு முன்பு மின் வேலை செய்பவரை அழைத்தோம். குளத்தைச் சுற்றியுள்ள கம்பிகள், ஏணி, பம்ப் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைக்கும் செப்புக் கம்பி டெக்குக்குள்தான் ஓடும். ஈரக் காலோடு நிற்பவருக்கு இரண்டு இடங்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு வராமல் காப்பது அதுதான். அறுவையில் அது ஓரிடத்தில் துண்டானது. கான்கிரீட் போடுவதற்கு முன்பே இணைத்து, தொடர்ச்சி இருக்கிறதா என்று அளந்து பார்த்தார்.

மூடுவதற்கு முன் சுவரின் வெளிப்பக்கத்துக்குப் புது டெக் மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் வரை நீர்க்காப்பு. மழைக்குழாயை டெக்கின் அடியில் கொண்டுபோய்த் தோட்டத்தின் தாழ்ந்த பக்கம் விட்டாயிற்று. எபாக்சியை எடுத்துவிட்டு ஸ்கிம்மரைச் சுற்றி உடைத்து மறுபடி பதித்து, அதன் கழுத்துக்கும் டெக்குக்கும் நடுவே நுரைப்பட்டை. வீட்டுப் பக்கத்து ஓரக்கல் நெடுக இருந்த கிரவுட்டை வெட்டியெடுத்து 12 மில்லிமீட்டர் இடைவெளியில் சீலன்ட்.

அதே வாளி, அதே படி. வாளிக்கும் குளத்துக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது. உப்பு மூட்டை திறக்கவில்லை. மிதவை வால்வைக் கழற்றிவிடச் சொன்னேன், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சரி, அதற்குப் போகும் குழாயில் ஒரு சின்ன மீட்டராவது வையுங்கள் என்றதற்கு ஒப்புக்கொண்டார். காற்றும் வெயிலுமாக இருந்த ஒரு வாரத்தில் மீட்டர் நாளுக்கு 300 லிட்டர் காட்டியது. 6 மில்லிமீட்டர், ஆவியானதற்குச் சமம்.

ஹால் சுவருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஈரச் சுவர் 25 மில்லிமீட்டர் காய ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும் என்பது கட்டட வேலையில் உள்ள தோராயக் கணக்கு. இந்தச் சுவர் 230 மில்லிமீட்டர். பூச்சைச் சுரண்டிவிட்டுச் செங்கல்லைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். குளத்தின் மற்ற மூன்று பக்கங்களிலும் ஓரக்கல்லுக்கு அடுத்து அதே கிரவுட்தான் இருக்கிறது. அங்கே மண் அமுங்கவில்லை, விரிசலும் இல்லை. ஆனாலும் வெயில் காலத்தில் டெக் விரிந்து ஓரக்கல்லைத் தள்ளுவதற்குள் அதையும் வெட்டியெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.